தலைவாசல் கதவுக்கும் ஒரு ஆர்.டி. போடுங்க: வெயில் மழையில மரக்கதவு வீணாகாம இருக்க ஒரு கணக்கு

எஸ்.ஐ.பி., டேக்ஸ், இ.எம்.ஐ.னு பேசுற இந்தப் பக்கத்துல இன்னைக்கு ஒரு கதவைப் பத்திப் பேசப் போறோம். சிரிக்காதீங்க, இதுவும் பண விஷயம்தான்.

சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பார்த்துக்கிட்டு, ஊர்ல அப்பா அம்மாவுக்காக லோன் போட்டு வீடு கட்டின நிறைய பேர் என்கிட்ட ரிட்டர்ன் போட வர்றாங்க. சதுர அடிக்கு எவ்வளவு ஆச்சுன்னு மனப்பாடமா சொல்வாங்க. தலைவாசல் கதவுக்கு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டா இன்னும் பெருமையா சொல்வாங்க. "சரி, அந்தக் கதவுக்கு அடுத்த பூச்சு எப்போ?"னு கேட்டா மட்டும் பதில் வராது.

காரணம் ஒரு நம்பிக்கை. "தேக்கு போட்டாச்சு, பேரன் காலம் வரைக்கும் கவலை இல்லை." இதுல பாதிதான் உண்மை. தேக்கு மரம் பேரன் காலம் வரைக்கும் இருக்கும். அதுக்கு மேல இருக்கிற பூச்சு உங்க ஹோம் லோன் முடியற வரைக்கும்கூட இருக்காது. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: பூச்சு உடையறதுக்கு முன்னாடி ஒரு கோட் கொடுத்தா அது ஒரு நாள் வேலை. உடைஞ்ச பிறகு கொடுத்தா அது ஒரு வார வேலை, பல மடங்கு செலவு. வாங்க, ஏன்னு பார்க்கலாம்.

கதவு ஒரு சொத்து இல்லை, மூணு சொத்து

கம்பெனிகளோட கணக்குல ஒரு விதி இருக்கு. கம்பெனிகள் சட்டம் 2013-ஓட இரண்டாவது அட்டவணை, ஒரு பெரிய சொத்துல வேற வேற ஆயுள் உள்ள முக்கியமான பாகங்கள் இருந்தா, அதுங்களுக்குத் தனித்தனியா தேய்மானம் போடச் சொல்லுது. கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருஷ ஆயுள்னா, உள்ளே இருக்கிற லிஃப்டுக்கும் 60 வருஷம்னு எடுத்துக்கக் கூடாது.

உங்க கதவையும் இதே மாதிரி பிரிச்சுப் பாருங்க.

முதல் பாகம் மரம். நல்லா காஞ்ச தேக்கு வைரம்னா பல பத்து வருஷம் தாங்கும். இரண்டாவது பாகம் கீல், தாழ்ப்பாள், பூட்டு. இது நடுவுல ஒரு தடவை மாத்த வேண்டி வரலாம். மூணாவது பாகம்தான் மேல்பூச்சு. நேரடி வெயில் படுற கதவுல இதுக்கு இரண்டு, மூணு வருஷம்தான் ஆயுள். விலையில மிகச் சின்னது இந்த மூணாவது பாகம். ஆனா மிச்ச இரண்டையும் காப்பாத்துறது அதுதான்.

கதவைக் கெடுக்கிறது யாரு?

முதல் ஆள் வெயில். மர நாரை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கிற பொருளுக்கு லிக்னின்னு பேரு. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் இதைத்தான் முதல்ல உடைக்குது. உடைஞ்ச லிக்னினை மழை கழுவிட்டுப் போயிடும். கதவு சாம்பல் நிறமா மாறுறது இதனாலதான். இன்னொரு விஷயம்: நீங்க அடிச்சிருக்கிறது கண்ணாடி மாதிரி தெளிவான வார்னிஷ்னா, வெளிச்சம் அதைத் தாண்டி உள்ளே போய் மரத்தைத் தொடும். வார்னிஷுக்குக் கீழே இருக்கிற மர நார் பலவீனமானதும், மேல இருக்கிற படலம் தோல் உரியற மாதிரி உரியும். "கம்பெனி வார்னிஷ்தான் அடிச்சேன், உரிஞ்சுடுச்சு"னு பலர் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது ஆள் தண்ணி. மரம் ஈரத்தைக் குடிச்சா அகலத்துல வீங்கும், காஞ்சா சுருங்கும். நீளவாக்குல மாற்றம் ரொம்பக் குறைவு. அதிகம் அசையாத மரங்கள்ல தேக்கும் ஒண்ணு. ஆனா அதுலகூட 6 அங்குல அகலப் பலகை, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் நடுவுல 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை அசையலாம். மரம் அசையும்போது மேல இருக்கிற பூச்சும் கூடவே அசையணும். வெயில்ல காஞ்சு கெட்டியான பூச்சு அசையாது, விரிசல் விடும். அந்த விரிசல் வழியா அடுத்த மழைத் தண்ணி உள்ளே போகும். உள்ளே போன தண்ணி சீக்கிரம் வெளியே வராது.

தண்ணி எங்கே அதிகமா உள்ளே போகும்? நாம பளபளன்னு பாலிஷ் போடுற முன்பக்கத்துல இல்லை. பலகையை அறுத்த முனையில. சட்டங்களோட மேல் முனை, கீழ் முனை எல்லாம் ஒரு கட்டு ஸ்ட்ராவை நிமிர்த்தி வெச்ச மாதிரி. ஈரத்தை உறிஞ்சும். கதவோட அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் பூச்சு கொடுக்காம மாட்டிடுறது நம்ம ஊர்ல சாதாரணமா நடக்குற விஷயம். கண்ணுக்குத் தெரியாத இடம்தானேன்னு விட்டுடுவாங்க. கதவு அழுக ஆரம்பிக்கிறது பெரும்பாலும் அங்கேதான்.

மூணாவது ஆள் நாமளேதான். தினமும் காலையில வாசல் தெளிக்கிறோம். தண்ணி எகிறி அடிச்சட்டத்துலயும் நிலையோட காலிலயும் படும். வெள்ளிக்கிழமை நிலைப்படியைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். மழை வருஷத்துல சில மாசம்தான். இந்தத் தண்ணி 365 நாளும். மாவிலைத் தோரணம் கட்ட நிலையோட மேல்சட்டத்துல ஆணி அடிக்கிறோம். ஒவ்வொரு ஆணி ஓட்டையும் தண்ணிக்கு ஒரு வாசல். பழக்கத்தை நிறுத்தச் சொல்லல. தெளிச்சதும் அடிச்சட்டத்தையும் நிலைக்காலையும் ஒரு காஞ்ச துணியால துடைக்கச் சொல்லுங்க. ஆணிக்குப் பதிலா நிரந்தரமா இரண்டு கொக்கி மாட்டி, அதைச் சுத்தி வார்னிஷ் விடுங்க. இதுக்குச் செலவு ஒண்ணும் பெருசா இல்லை.

உங்க வாசல் எந்தத் திசை?

வாஸ்து பார்த்து வாசல் வெச்சிருப்பீங்க. பூச்சுக்காகவும் ஒரு தடவை திசை பாருங்க.

கிழக்கு வாசல்னா காலை வெயில் நேரா விழும். வடகிழக்குப் பருவமழைச் சாரலும் அந்தப் பக்கத்துலதான் அதிகம். மேற்கு வாசல்னா மதியத்துக்கு மேல அடிக்கிற சுடு வெயில். கூடவே கோடையில சாயங்காலம் இடியோட வர்ற மழை. கொதிச்ச கதவு மேல திடீர்னு தண்ணி விழுந்தா பூச்சுக்கு அதைவிடக் கஷ்டம் வேற இல்லை. தெற்கு வாசலுக்குப் புரட்டாசியிலிருந்து பங்குனி வரை வெயில். "வடக்கு வாசலுக்கு வெயிலே படாது"ன்னு நினைக்காதீங்க. கீழ்பென்னாத்தூர் இருக்கிற அட்சரேகை சுமார் 12 டிகிரி. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கமாத்தான் சாயும்.

கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலை–செஞ்சி ரோட்டுல இருக்கு. கடல் பக்கத்துல இல்லை, உப்புக் காத்து இல்லை, அதனால கதவுக்கு ஆபத்து இல்லைன்னு தோணும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரை கடந்துச்சு. அதுக்கப்புறம் மெதுவா நகர்ந்து விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல கொட்டித் தீர்த்துச்சு. உள்மாவட்டத்துக் கதவும் நாள் கணக்குல நனையும்னு எடுத்துக்கிட்டுத்தான் திட்டம் போடணும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மழைக்காலத்துல கதவு வீங்கி நிலையில இடிக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டுச் சீவிடுவாங்க. அப்போ பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். சித்திரையில மரம் சுருங்கும்போது அதே இடத்துல விரல் போற அளவுக்கு இடைவெளி வந்துடும். சீவின விளிம்புல பூச்சும் இல்லை, அடுத்த மழைக்கு அது இன்னும் ஈரம் குடிக்கும். கதவு திறக்கவே முடியாத நிலைமைன்னா தவிர, தை மாசம் வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறமும் இடிச்சா மட்டும் சீவுங்க. சீவின அன்னைக்கே அந்த விளிம்புக்குப் பூச்சு கொடுங்க.

முதல் பூச்சு நிழல்தான்

செட்டிநாட்டு வீடுகள்ல பர்மா தேக்குக் கதவு இன்னைக்கும் நிக்குது. மரத்தோட தரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் பேசறதில்லை: அந்தக் கதவு திண்ணைக்கும் தாழ்ந்த கூரைக்கும் பின்னாடி, நிழல்ல இருக்கு. நம்ம புது வீடுகள்ல செதுக்கு வேலை செஞ்ச தேக்குக் கதவு, மேல இரண்டு அடி சன்ஷேடு மட்டும் வெச்சு, நடு வெயில்ல நிக்குது.

அமெரிக்காவுல மரக்கதவு செய்ற பல கம்பெனிகள் வாரன்ட்டி கொடுக்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. கதவோட அடியிலிருந்து மேல்கூரை வரைக்கும் எவ்வளவு உயரமோ, அதுல பாதியாவது கூரை வெளியே நீட்டியிருக்கணும். ஏழரை அடி உயரத்துல சன்ஷேடுன்னா, மூணே முக்கால் அடி. நம்ம வீடுகள்ல இது போர்ட்டிகோ இருந்தாத்தான் கிடைக்கும். இனிமே வீடு கட்டப் போறவங்க, கதவுச் செதுக்குக்குப் போடுற கூடுதல் பணத்துல ஒரு பகுதியை அந்த நிழலுக்குப் போடுங்க. அது வருஷா வருஷம் பூச்சுச் செலவைக் குறைக்கும்.

எந்தப் பூச்சு?

கடையில போய் "கதவுக்கு நல்ல பாலிஷ் கொடுங்க"ன்னு கேட்காதீங்க. வெளிக்கதவா, உள்கதவான்னு முதல்ல சொல்லுங்க.

அரக்கு பாலிஷ் (பிரெஞ்ச் பாலிஷ்): பார்க்க ரொம்ப அழகு. ஆனா தண்ணி பட்டா வெள்ளை பூக்கும். உள்கதவுக்கு மட்டும்.

மெலமைன்: இதுவும் உள் வேலைக்குத்தான். புதுமனை புகுவிழா அன்னைக்குப் பளபளக்கும், வெளியில நின்னா வெடிக்கும்.

பியு (பாலியூரிதேன்): வெளிக்கதவுக்கான தனி வகை இருக்கு. டப்பாவுல "எக்ஸ்டீரியர்"னும், யு.வி. பாதுகாப்புன்னும் இருக்கான்னு பாருங்க. இரண்டு டப்பா கலந்து அடிக்கிறது உறுதியா இருக்கும். ஆனா அடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். விட்டுட்டா சுரண்டி எடுக்கிறதும் கஷ்டம்.

ஸ்பார் வார்னிஷ், மரைன் வார்னிஷ்: கப்பல் பாய்மரத் தண்டுக்காக வந்த வகை. மரம் அசைஞ்சா கூடவே வளைஞ்சு கொடுக்கும். ப்ரஷ்ல நாமளே அடிக்கலாம், இடையில ஒரு கோட் சேர்க்கிறதும் சுலபம். ஊர்ல வீடு, வருஷத்துக்கு இரண்டு தடவை போறவங்களுக்கு இதுதான் என்னோட சாய்ஸ்.

எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய், தேக்கு எண்ணெய்): படலம் இல்லாததால உரியாது. ஆனா அடிக்கடி போடணும். ஈரக் காலத்துல ஆளிவிதை எண்ணெய் மேல கறுப்புப் புள்ளியா பூஞ்சை வரும். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. அது தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி வையுங்க.

பெயின்ட்: வெயிலை உள்ளே விடாம தடுக்குறதுல இதை மிஞ்ச எதுவும் இல்லை. மரத்தோட ரேகை தெரியாது, அவ்வளவுதான். நாட்டு மரத்துல செஞ்ச கதவு, நேர் வெயில், நிழல் இல்லைன்னா, கௌரவம் பார்க்காம பெயின்ட் அடிக்கிறது புத்திசாலித்தனம். கறுப்பு, அடர் பிரவுன் நிறம் சூட்டை அதிகமா இழுக்கும். கொஞ்சம் வெளிர் நிறம் எடுங்க.

பண்ருட்டி பக்கம் கிடைக்கிற முந்திரிக் கொட்டை எண்ணெயைப் பத்தியும் பெரியவங்க சொல்வாங்க. கறையானுக்கு நல்லது, சரி. ஆனா கறுப்பா பிடிக்கும், தோல்ல பட்டா கொப்புளம் வரும். நிலையில சுவருக்குள்ளே போற பக்கத்துக்கு மட்டும் பொருந்தும், அதுவும் கையுறையோட. நிலை சுவரைத் தொடுற இடத்துலதான் கறையானும் ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே மண் கோடு மாதிரி ஏதாவது தெரியுதான்னு பாருங்க.

எப்போ அடிக்கணும்?

நம்ம பக்கத்து ஆளுங்க ஊருக்கு வர்றது கார்த்திகை தீபத்துக்கும் பொங்கலுக்கும். வீடு சுத்தம் பண்றதும் வெள்ளை அடிக்கிறதும் அப்போதான். கதவுக்கும் அதே கையோட வார்னிஷ் அடிச்சிடலாம்னு தோணும். வேண்டாம். தீபம் சமயம் மரம் முழுக்க மழை ஈரத்தோட இருக்கும். மார்கழிப் பனியில வார்னிஷ் காய நேரமாகும். ஈரத்தை உள்ளே வெச்சு மேல மூடினா, மாசி வெயில்ல அந்த ஈரம் பூச்சைத் தள்ளிக்கிட்டு வெளியே வரும்.

சரியான நேரம் மாசி, பங்குனி. மரம் காஞ்சிருக்கும், கத்திரி வெயில் தொடங்கியிருக்காது. தீபத்துக்கு வரும்போது சோதனை பண்ணுங்க, மாசியில ஒரு சனி ஞாயிறு வேலையை முடிங்க.

சோதனை ரொம்பச் சுலபம். ஒண்ணு, கதவோட கீழ்ப்பகுதியில கொஞ்சம் தண்ணி தெளிங்க. முத்து முத்தா நின்னா பூச்சு உயிரோட இருக்கு. மரம் கறுத்தா தண்ணி உள்ளே போகுது. இரண்டு, விரலால தேய்ங்க. வெள்ளையா மாவு ஒட்டினா பூச்சு தேய ஆரம்பிச்சாச்சு. மூணு, கதவைத் திறந்து, மேல் விளிம்புக்கு மேல போனைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுங்க. வெறும் மரமா தெரிஞ்சா, அங்கே இதுவரைக்கும் பூச்சே கொடுக்கலைன்னு அர்த்தம்.

எப்படி அடிக்கணும்?

பூச்சு உடையாம, மங்கி மட்டும் இருந்தா:

1. ஈரத்துணியால தூசியைத் துடைச்சு, ஒரு நாள் காய விடுங்க. அகல் விளக்கு எண்ணெய்க்கறை இருந்தா கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் துடைங்க.
2. 220 நம்பர் உப்புத்தாளால, மர ரேகை போற திசையில லேசா தேய்ங்க. பளபளப்பு போனா போதும், மரம் தெரியற வரைக்கும் தேய்க்கக் கூடாது.
3. தூசியைச் சுத்தமா எடுத்துட்டு ஒரு மெல்லிசு கோட். டப்பாவுல சொன்ன நேரம் காய விட்டு, 320 நம்பர்ல ஒரு தடவை தொட்டு, இன்னொரு கோட்.
4. நேர் வெயில்ல அடிக்காதீங்க, கொப்புளம் வரும். கிழக்கு வாசல்னா மதியத்துக்கு மேல, மேற்கு வாசல்னா காலையில.
5. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, பூட்டுக்காக வெட்டின ஓட்டை, கீல் பதிச்ச பள்ளம் எல்லாத்துக்கும் இரண்டு மூணு கோட். கீழ் விளிம்புக்கு ஆசாரியை வெச்சுக் கதவைக் கழட்டித்தான் அடிக்கணும். ஒரு தடவை ஒழுங்கா செஞ்சா பல வருஷம் நிம்மதி.

அங்கங்கே உரிஞ்சு, மரம் சாம்பலா தெரிஞ்சா, மேல மேல அடிச்சுப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பூச்சு முழுசையும் எடுத்து, சாம்பல் அடுக்கைத் தேய்ச்சு, நல்ல மரம் வர்ற வரைக்கும் போய், முதல்ல இருந்து தொடங்கணும். புதுசா தேய்ச்ச தேக்கோட இயற்கை எண்ணெய் வார்னிஷ் பிடிக்க விடாது. அதனால முதல் கோட்டுக்கு முன்னாடி தின்னர் தொட்ட துணியால துடைக்கணும். நடுப்பலகை சட்டத்துக்குள்ளே நுழையற இடுக்குல பட்டி வெச்சு இறுக்கிடாதீங்க. பலகை அசையணும்னுதான் அந்தப் பள்ளத்துல சும்மா உட்கார வெச்சிருக்காங்க. அடைச்சா பலகை வெடிக்கும்.

இன்னொண்ணு. உங்க கதவு முழுத் தேக்கா, இல்லை பிளைவுட் மேல தேக்குத் தோல் ஒட்டினதான்னு பில்லைப் பாருங்க. ஒட்டின தோல் மெல்லிசு. ஒரு தடவை அழுத்தித் தேய்ச்சாலே உள்ளே இருக்கிறது தெரிஞ்சிடும். அந்தக் கதவு வெச்சிருக்கிறவங்களுக்கு "உடையறதுக்கு முன்னாடி"ங்கிற விதி இன்னும் கறாரானது. அவங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

இப்போ கணக்கு

இது உதாரணக் கணக்கு. தொகைகளை உங்க ஊர் விலைக்கு மாத்திக்கோங்க. கதவு ரூ.50,000. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லேசா தேய்ச்சுப் பூசினா ரூ.2,500. முழுசா சுரண்டி புதுசா போட்டா ரூ.10,000. பத்து வருஷத்துக்குப் பார்ப்போம்.

முதல் வழி: இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூச்சு. 5 தடவை, மொத்தம் ரூ.12,500.

இரண்டாவது வழி: உரிஞ்ச பிறகு பார்த்துக்கலாம். 4-ஆம் வருஷம், 8-ஆம் வருஷம் முழு வேலை. மொத்தம் ரூ.20,000.

மூணாவது வழி: 5-ஆம் வருஷம் ஒரு தடவை முழு வேலை, அப்புறம் மறந்தாச்சு. 10-ஆம் வருஷம் அடிச்சட்டம் அழுகி, பலகை வெடிச்சு, கதவையே மாத்த வேண்டிய நிலை. மொத்தம் ரூ.60,000.

"சார், 10 வருஷம் கழிச்சு வர்ற செலவுக்கு இன்னைக்கு மதிப்பு கம்மிதானே?"ன்னு நம்ம சேனல் பார்க்குறவங்க கேட்பீங்க. நல்ல கேள்வி. வருஷத்துக்கு 7% வெச்சு இன்றைய மதிப்புக்குக் கொண்டு வருவோம். முதல் வழி சுமார் ரூ.8,480. இரண்டாவது சுமார் ரூ.13,450. மூணாவது சுமார் ரூ.32,550. தள்ளிப் போடுறதுக்கான வட்டி லாபத்தைக் கொடுத்த பிறகும் வரிசை மாறல. கூலியும் மர விலையும் ஏறுறதை இதுல சேர்க்கவே இல்லை. சேர்த்தா மூணாவது வழி இன்னும் மோசமாகும்.

முதல் இரண்டு வழிக்கும் வித்தியாசம் ரொம்பப் பெருசு இல்லைன்னு தோணலாம். உண்மைதான். ஆனா ஒவ்வொரு முழுச் சுரண்டலும் மரத்தையும் கொஞ்சம் எடுத்துட்டுப் போகும். செதுக்கு வேலையோட கூர்மை போயிடும். பணக் கணக்குல அது வராது, கதவுல தெரியும்.

முதல் வழிக்கு மாசம் எவ்வளவு? 24 மாசத்துக்கு ரூ.2,500-ன்னா மாசம் சுமார் ரூ.105. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. மாசம் ரூ.100-லயே தொடங்கலாம், ஆனா அது 5 வருஷத் திட்டம். அதனால உங்க பேங்க்ல 2 வருஷ ஆர்.டி.யா போடுங்க. கதவுக்கு மட்டும்னு இல்லாம, வீட்டு மராமத்து எல்லாத்துக்கும் சேர்த்து மாசம் ரூ.1,000 ஒதுக்கினா மாடித் தண்ணிக்கசிவு, மோட்டார், பெயின்ட் எல்லாத்துக்கும் எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டி வராது. எமர்ஜென்சி ஃபண்ட் எதிர்பாராத செலவுக்கு. கதவுப் பூச்சு எதிர்பாராத செலவு இல்லை, அது தேதி சொல்லிட்டு வர்ற செலவு.

டேக்ஸ்ல கிடைக்குமா?

அப்பா அம்மா வாடகை இல்லாம இருக்கிற உங்க வீடு, "சொந்தக் குடியிருப்பு" வகை. பூச்சு, ரிப்பேர் எதுக்கும் கழிவு கிடையாது. ரிப்பேருக்காக லோன் வாங்கினா, பழைய வரி முறையில மட்டும், வட்டிக்கு வருஷம் ரூ.30,000 வரை கழிவு உண்டு. அதுவும் ரூ.2 லட்சம் வரம்புக்கு உள்ளேதான். கழிவுக்காகக் கடன் வாங்கிக் கதவுக்குப் பூசாதீங்க, அர்த்தமே இல்லை.

வாடகைக்கு விட்டிருந்தா கதை வேற. வாடகையில நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சு, மிச்சத்துல 30% நேரடியா கழிவு. இது இரண்டு வரி முறையிலயும் உண்டு. மாசம் ரூ.8,000 வாடகைன்னா வருஷம் ரூ.96,000. சொத்து வரி ரூ.2,000 போனா ரூ.94,000. அதுல 30% ரூ.28,200. நீங்க ரூ.2,500 செலவு பண்ணினாலும் இதேதான், ஒண்ணுமே பண்ணலைன்னாலும் இதேதான். பில் கேட்க மாட்டாங்க. அரசாங்கம் ரிப்பேருக்குன்னு ஏற்கெனவே கொடுத்துட்ட பணம்னு இதை நினைச்சு, அதுல கொஞ்சத்தையாவது வீட்டுக்குச் செலவு பண்ணுங்க.

வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கும் ஒரு தகவல். தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறது வீட்டு ஓனர் பொறுப்பு. பூட்டு, கைப்பிடி மாத்துறது குடியிருக்கிறவர் பொறுப்பு. காலி பண்ணும்போது "கதவு மங்கிப் போச்சு"ன்னு அட்வான்ஸ்ல பிடிச்சா, குடி வந்த அன்னைக்கு எடுத்த போட்டோவும் இந்த விதியும் உங்க கையில இருக்கணும்.

இன்சூரன்ஸ்? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் கொடுக்கிற "பாரத் கிருஹ ரக்ஷா" பாலிசியில புயல், வெள்ளம் எல்லாம் வரும். வருஷக் கணக்கா வெயில்ல மங்கின கதவு வராது. மெதுவா வர்ற நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை, பராமரிப்புதான் இன்சூரன்ஸ்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஊருக்குப் போன் பண்ணி, தண்ணி தெளிச்சு ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. முத்து முத்தா நிக்குதா, கறுக்குதான்னு நீங்களே பாருங்க. கதவு பில், எந்தப் பூச்சு, எந்த வருஷம் அடிச்சதுன்னு போன்ல ஒரு குறிப்பு எழுதி வையுங்க. மாசி மாசத்துல ஒரு சனிக்கிழமையைக் காலண்டர்ல குறிச்சு, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தானா நினைவுபடுத்துற மாதிரி வையுங்க. இப்போதான் வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்கன்னா, கதவை மாட்டுறதுக்கு முன்னாடியே ஆறு பக்கமும் பூச்சு கொடுத்தாச்சான்னு ஆசாரிகிட்ட கேளுங்க. மாட்டின பிறகு கேட்டா, கதவைக் கழட்டுற கூலியும் உங்க தலையிலதான்.

இந்தக் கணக்கை உங்க வீட்டுத் தொகையோட போட்டுப் பார்க்கிற ஷீட்டை அடுத்த வீடியோல காட்டறேன். அதுவரைக்கும் அந்தக் காஞ்ச துணியை மட்டும் கதவுப் பக்கத்துல மாட்டி வெச்சிடுங்க.